இரண்டாம் கியரில் ஒரு ஜெபம்

ஜெபத்துக்குக் கிடைத்த பதிலைப் பற்றிச் சாட்சி பகிரும் இந்த இடத்தில், ஜெபித்த மறுநிமிடமே பதில் கிடைத்த அனுபவங்களைப் பலரும் சொல்லிவிட்டீர்கள். என்னுடையது மெதுவாக நகர்ந்த ஓர் இரவு.

சென்ற ஆண்டு ஆடி மாதம். ஏற்காட்டில் விடாத மழை, மூடுபனி. இரவு பத்தரைக்கு அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. கையிலிருந்த காப்பித் தம்ளர் நழுவி விழுந்தது. பக்கவாதம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். நாலரை மணி நேரத்துக்குள் போனால்தான் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும் என்று எப்போதோ படித்திருந்தேன். தெரியாமலே இருந்திருக்கலாம்.

"சர்வவல்லவரே, சீக்கிரம்!" இதுதான் என் ஜெபம். உண்மையில் அது ஜெபமல்ல, விரட்டல். ஓட்டுநரோ இரண்டாம் கியரைத் தாண்டவே இல்லை. எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஊர்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆறுதான் முடிந்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இறக்கத்தில் வண்டி தானாக ஓடும் தம்பி. பிடித்து வைக்கத்தான் எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் சூடேறி, அடிவாரம் வருவதற்குள் பிடிக்காமல் போய்விடும்."

வேதாகமத்தில் நாகூம் 1:3 நினைவுக்கு வந்தது: கர்த்தர் நீடிய சாந்தமும் மிகுந்த வல்லமையுமுள்ளவர். நினிவே என்ற பழைய நகரத்தின் அழிவைப் பேசும் மூன்றே அதிகாரப் புத்தகம். அதன் வாசலிலேயே சாந்தம் நிற்கிறது. யோனா தீர்க்கதரிசியின் நாளில், அதே நகரம் மனந்திரும்பியபோது அதன்மேல் ஓங்கிய கையை நிறுத்தியவரும் அவர்தானே. நானோ வல்லமை என் தேவைகளுக்கு, சாந்தம் என் பாவங்களுக்கு என்று வசதியாகப் பங்கு பிரித்து வைத்திருந்தேன். பிடித்து வைப்பதும் பலம்தான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அதன்பின் 'சீக்கிரம்' என்ற சொல் வாயில் வரவில்லை. அப்பாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "நீர் பொறுமையுள்ளவர், நீர் பிடித்திருக்கிறீர்" என்று வளைவுக்கு வளைவு சொன்னேன். பயம் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் பொய். கடைசி வளைவு வரை கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஊசி போட நேரம் இருந்தது. இடது கை மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து அதே ஜீப்பில் மேலே ஏறினோம். அப்பா வாய் குழறக் குழற வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றுக்குப் பிறகு மறுபடியும் பத்து என்றார். ஓட்டுநரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.