காரைதீவு கராஜில் ஆர்.வி.-7 விமானம்: உடல் கிட்டுக்குக் காசு கட்டுமுன் எதையெல்லாம் முடிவெடுப்பது?

காரைதீவு அலுமினியம்
எல்லாருக்கும் வணக்கம். காரைதீவில் அலுமினிய யன்னல், பாட்டிசன் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். வான்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி பாகம் பாகமாக (கிட்) விற்கும், நாமே பூட்டி எடுக்கிற ஆர்.வி.-7 விமானத்துக்கு வால் பகுதியை அடித்து முடித்தாயிற்று. அது இப்போது படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. மனுசி ஒன்றும் சொல்லவில்லை, பார்வைதான் சரியில்லை.

இனி இறக்கையும் உடலும். இரண்டு கிட்டையும் ஒரே தடவையில் ஒறிகனிலிருந்து எடுத்தால் கப்பல் கூலி மிச்சம் என்கிறார் ஸ்காபரோவில் இருக்கிற அத்தான். கராஜ் 24 அடிக்கு 12 அடி, ஷட்டர் 9 அடி அகலம். கடல் கூப்பிடு தூரம். உடலை முதலில் தொடங்கலாமா? மூன்றாவது சில்லு மூக்கிலா, வாலிலா? உப்புக்காற்றுக்கு எல்லாப் பாகத்துக்கும் பிரைமர் அடிக்க வேணுமா? கடையில் நான் தொடுவதெல்லாம் 6063 என்ற யன்னல் அலுமினியம், அதுவும் பொப் றிவெட்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி பென்சனியர்
தம்பி, வளைகுடாவில் விமானக் கொட்டகைக்குள் தகட்டு வேலை செய்து தலை நரைத்தவன் நான். ஆர்.வி.-6 காலம் மாதிரி ஜிக் (பாகங்களை நேராகப் பிடிக்கும் சட்டம்) கட்டி மாரடிக்கத் தேவையில்லை, உன் கிட்டில் ஓட்டைகள் பொருந்திப் போட்டே வரும். மிச்சம் இருக்கிற தலையிடி எல்லாம் வரிசைதான்: எதை மூடுமுன் எதை முடிப்பது.

சில்லு விசயம் ருசியைப் பொறுத்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது இடத்தைப் பொறுத்தது. வால் சில்லு வைத்த ஆர்.வி.-7இல் பிரதான சில்லுக் கால்கள் என்ஜினைத் தாங்கும் சட்டமான மவுண்டில் பூட்டுகின்றன. மவுண்ட் கடைசிக் கிட்டோடுதான் வரும், அதுவரை உடல் மரக் குதிரையில்தான் கிடக்கும். மூக்குச் சில்லு வைத்த 7ஏயில் அந்தக் கால்களுக்கான இரும்புப் பிடிகள் உடலுக்குள்ளேயே பூட்டப்படுகின்றன. அதனால்தான் உடல் கிட் ஓடர் பண்ணும்போதே 7ஆ, 7ஏயா என்று கேட்பார்கள். பிறகு மனம் மாறினால் வெட்டிக் கொத்த வேண்டியதுதான். இங்கே மட்டக்களப்பு ஓடுபாதையில் குறுக்குக் காற்று அடிக்கும், வால் சில்லுக்குப் பழகித்தர ஆளும் இல்லை. நானென்றால் 7ஏ.

இறக்கை முதலில், உடல் பிறகு. காரணம் கேள். பிரதான ஸ்பார் (இறக்கையின் பாரம் தாங்கும் நீளச் சட்டம்) கம்பனியில் பூட்டியே வரும். அதன் ஓட்டைகள் உடலின் நடுச் சட்டத்தோடு பொருந்தும். ஆனால் பின் ஸ்பாருக்கான போல்ட் ஓட்டையை நீதான் போடவேணும். இரண்டு இறக்கையையும் மாட்டி, முன் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, இறக்கை சாயும் கோணத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக்கி, ஓட்டையிலிருந்து விளிம்புக்குப் போதிய இடம் மிஞ்சுகிறதா என்று அளந்த பிறகே துளைப்பான் பிடிக்கலாம். போல்ட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு விட்டத்தின் இரண்டு மடங்காவது வேணும். இதற்கு 25 அடி அகலம் வேணும், உன் கராஜுக்குள் நடக்காது. வளவில் தான் செய்யலாம். கச்சான் காற்று எழும்புமுன் விடியற்காலையில் வை, குண்டு ஆடினால் அன்றைய வேலை அவ்வளவுதான். இறக்கை தயாராக இல்லாமல் உடலை முடித்தால், இறக்கை தயாராகும்வரை இந்த அளவை எடுக்க முடியாது.

உடல் முதலில் தலைகீழாகத்தான் உருவாகும். அடித்தகடும் பக்கத்தகடும் அடித்துவிட்டு வள்ளம் போலப் புரட்டுவாய். பாரம் ஒன்றுமில்லை, நாலு பேர் இருந்தால் போதும். சீலிங் ஃபேனைக் கழற்றிவிடு. விமானத்தின் உள்ளறை அகலம் நாலடிக்குள், அதனால் ஷட்டரால் வெளியே போகும். வாலின் கிடைமட்டத் தகடு எட்டடிக்கு மேல். அதை ஓடுபாதைக்குப் போன பிறகு பூட்டு. லொறிக்கு இப்போது பயமில்லை, கல்லடியில் 2013இல் திறந்த புதுப் பாலம் இருக்கிறது.

பின்னுடலின் மேல் தகட்டை மூடுமுன்: வயர் போகும் குழாய், அன்டெனாவுக்கு உள்தகடு, மானிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தம் எடுக்கும் நிலையழுத்தத் துளை, தன்னியக்கி மோட்டார் பிடி. மூடிய பிறகு உள்ளே ஊர்ந்துபோய் றிவெட் அடிப்பது மெலிந்த பொடியன்களுக்கான வேலை.

உன் 6063 பழக்கத்தைக் கராஜ் வாசலிலேயே விடு. விமானத்தின் தோல் தகடு 2024-டி3 என்ற வேறு அலுமினியக் கலவை, கூர்மையாக மடித்தால் வெடிக்கும். பென்சிலால் கோடு போடாதே, கரி அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய மார்க்கர் போதும். இரும்புப் பிரஷ்ஷும் கிட்டே வரக்கூடாது. தகட்டின் இரண்டு முகத்திலும் தூய அலுமினியப் படை மெல்லிசாக இருக்கிறது, துருவைத் தாங்குவது அதுதான், நகக்கீறல் அளவும் அதற்குக் கேடு. தகட்டில் ஒட்டி வரும் நீலப் பிளாஸ்டிக்கை மாதக்கணக்கில் ஒட்டியபடி விட்டால் ஈரம் உள்ளே நின்று புள்ளி புள்ளியாக அரிக்கும். மாரிக்கு முன் வந்தால் பெட்டியைப் பிரித்துக் காயவிட்டு வை.

பிரைமர் எல்லாவற்றுக்கும் அடி, இரண்டு பகுதி கலக்கும் எபொக்சி. பாலைவனத்தில் இருக்கிறவன் அடிக்காமல் விடலாம், காரைதீவில் முடியாது. கார்த்திகை, மார்கழி மழைக்குள் அடிக்காதே. ஆவி வடிகட்டும் முகமூடி இல்லாமல் ஸ்பிரே துவக்கைத் தொடாதே.

ஏறாவூர் நானா
பென்சனியர் காக்கா சொன்னதெல்லாம் சரி. நான் கராஜ்காரன், காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம்ம பக்கத்து ஈரத்துக்குக் கொம்ப்ரசர் தொட்டியில் தண்ணி குவியும். குழாயை ஒரே நேராக இழுக்காமல் கூரைப் பக்கம் ஏற்றி இறக்கு, இறங்குகிற முனையில் தண்ணி திறந்துவிட ஒரு திருகுக் குழாய் வை, அதற்கு மேலே கிளை எடு. இல்லாவிட்டால் அந்தத் தண்ணியெல்லாம் பிரைமரில் கொப்புளமாக வரும்.

ஸ்காபரோ மட்டுநகரான்
இங்கே கனடாவில் மூடுமுன் பரிசோதனை என்று ஒன்று கட்டாயம். பரிசோதகர் வந்து பார்த்த பிறகே தோலடிப்போம். உங்களிடம் வந்து யார் பார்ப்பது, கையெழுத்து யார் போடுவது என்பதைக் காசு கட்டுமுன் கட்டுநாயக்க சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு றிவெட் வரிசையையும் தேதியோடு படம் எடுங்கள். பாவித்த கிட் யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வருடம் கேளுங்கள். லேசரால் வெட்டிய பாகங்களில் டிம்பிள் (றிவெட் தலை அமரும் குழி) போடும்போது வெடிப்பு வந்து 2023இல் பெரிய பிரச்சினையானது.

காரைதீவு அலுமினியம்
எல்லாருக்கும் நன்றி. 7ஏ, இறக்கை முதலில் என்று முடிவு. ஓடர் படிவத்தில் இன்னொன்று கேட்கிறான்: தலைக்கு மேலான கண்ணாடிக் கூடு சறுக்குகிறதா, முன்னால் எழும்புகிறதா? அண்ணே, நீங்கள் என்றால் எது?

கல்லடி பென்சனியர்
எழும்புகிற கூட்டில் முன்னால் சட்டம் இல்லை, பார்வை நல்லது, மானிப் பலகைக்குப் பின்னால் கைபோடவும் லேசு. ஆனால் சித்திரை வெயிலில் ஓடுபாதையில் காத்திருக்கும்போது சறுக்குகிறதைத் திறந்தபடி உருளலாம். இரண்டையும் தட்டில் வைத்தால் எனக்குச் சறுக்குகிறது.

அடிக்க ஆள் வேணுமென்றால் சனிக்கிழமை கல்லடிக்கு வா. 1/8 அங்குல றிவெட்டின் நசுங்கிய வால் 3/16 அகலம், 1/16 உயரம் வரும்வரை பழைய தகட்டில் அடித்துப் பார்ப்போம். பக்கிங் பார்களையும் (றிவெட்டின் பின்னால் பிடிக்கும் கனத்த கட்டைகள்) கொண்டுபோ. டங்ஸ்டன் பார் மட்டும் திரும்பி வரவேணும்.