மறு: புதுப்பிக்கத்தக்க சக்தி – சின்னப் பிள்ளையளுக்கு என்ன சொல்?

வணக்கம் எல்லாருக்கும்,

புத்தகத்தில வாற "புதுப்பிக்கத்தக்க சக்தி"க்கு, அதாவது காத்து, வெயில், தண்ணி மாதிரித் திரும்பத் திரும்ப வாற சக்திக்கு, பிள்ளையளுக்கு விளங்கிற சொல் எது எண்டு இந்த இழையில நடக்கிற சண்டையை வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், ஆனா ஒருத்தரும் பிள்ளையளிட்டக் கேட்டுப் பாக்கேல்ல போல, அதால நான் முந்தாநாள் நாலாம் ஆண்டில கேட்டன். "புதுப்பிக்கத்தக்க சக்தி முதல்கள்" எண்டு பலகையில எழுதிப்போட்டு என்ன விளங்குது எண்டு கேக்க, ஒரு பெட்டை எழும்பி "அப்பா மோட்டச்சைக்கிள் லைசன்ஸ் புதுப்பிக்கிற மாதிரி" எண்டாள். சிரிக்காதேங்கோ, அவள் சொன்னதில பிழையில்ல. புதுப்பிக்கிறதெண்டா ஆரோ ஒராள் போய்ப் புதுப்பிக்கோணும், சோளகக் காத்தை ஆர் கச்சேரிக் கந்தோரில கொண்டுபோய்ப் புதுப்பிக்கிறது? "முதல்" இன்னும் மோசம், சக்தி வாற இடம் எண்டதுதான் புத்தகத்தில அதுக்குக் கருத்து, ஆனா முதலாவது எண்டுதான் எல்லாரும் நினைச்சவை, கடைக்காரற்ர பெடியன் மட்டும் "முதல் போட்டுக் கடை திறக்கிறது" எண்டான்.

> வற்றாச்சக்தி எண்டு வைப்பம், சின்னது, கேக்கவும் வடிவாயிருக்கு

அண்ணா, கனடாவில இருந்து கேக்க வடிவுதான். ஆவணியில இஞ்ச வந்து சின்னக் குளங்களைப் பாருங்கோ, அடிமண் வெடிச்சுக் கிடக்கும், மாடு நடந்து போகும். மழை பொய்ச்சா மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலயும் தண்ணி இறங்கி லக்சபானாக் கரண்டும் குறையும். அதைவிட விறகை எந்தப் பக்கம் சேர்க்கிறது? வேலிச் சீமைக்கிளுவையில கொப்பு வெட்டினா அடுத்த மழைக்குத் துளிர்த்திடும், முதிரையை வெட்டினா பேரப்பிள்ளைதான் அடுத்ததைப் பாக்கும். எடுக்கிற வேகத்துக்கு அது திரும்பி வருதோ எண்டதுதான் இதில முழு விசயமும். வத்தாது எண்டு சொல்லிக் குடுத்தா அந்தக் கேள்வியையே பிள்ளை கேக்காது, காட்டை வெட்டித் தீர்த்த பக்கத்தில இருந்துகொண்டு அப்பிடிச் சொல்லிக்குடுக்க எனக்கு வாய் வராது.

> மீள்சக்தி?

நல்ல சொல்தான், ஆனா இலங்கைப் பௌதிகத்தில மீள்தன்மை எண்டா ரப்பர் இழுபடுறது. மேல்வகுப்புக்குப் போற பிள்ளை இழுத்த வில்லில இருக்கிற சக்தியெண்டு நினைக்கும். வேண்டாம்.

என்ர சொல் ஊறுசக்தி. கிணறு ஊறுறதை இஞ்சத்தப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல, விடிய இறைச்சா பின்னேரம் ஊறிக்கிடக்கும், பக்கத்து வளவுக்காரனும் சேர்ந்து ரெண்டு மோட்டர் போட்டா அடி தெரியும் எண்டு அவையளுக்கே தெரியும். ஊறின, ஊறுற, ஊறப்போற மூண்டும் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு, வினைத்தொகை.

ஊரைக் கூட்டிக்கொண்டு போயும் பாத்தம். றோட்டால போய், எது எதில ஓடுது எண்டு கொப்பியில கீறச் சொன்னன். பேக்கரிப் போறணை விறகு, மில்லில நெல் அவிக்க உமி, மிளகாய்த் தோட்டத்தில மண்ணெண்ணெய் மோட்டர், அடுத்த தோட்டத்தில சோலர் பம்ப். யானையை மறிக்கிற கரண்ட் வேலியடியில கனநேரம் நிண்டிட்டினம். பெட்டிக்கு மேல சின்னச் சோலர் பனல், கீழ பற்றறி, கம்பியில டிக் டிக் எண்டு சத்தம், தொடப்போனவனைப் பிடிச்சு இழுக்கவே எனக்கு நேரம் சரி. "வெயில் இல்லாத ராவில ஆனை வந்தா?" எண்டு ஒண்டு கேட்டுது, பற்றறியைப் பற்றி நான் வகுப்பில படிப்பிச்சதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குக் காணாது. மன்னார்த் தீவில 2020 மார்கழியில திறந்த 30 காத்தாடியும் சேந்து 103.5 மெகாவாற்று, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 900 எண்டு சொன்னனான், ஆருக்கும் ஏறேல்ல. பளையால யாழ்ப்பாணம் போகேக்க பஸ்ஸில தெரியிற காத்தாடியெண்டா எல்லாரும் கை தூக்கினவை.

கடைசியா ஒரு பிள்ளையின்ர தாத்தா வந்து, வன்னியில கரண்ட் இல்லாத காலத்தில ஜாம்போத்தில் விளக்கு வைச்சதையும் டைனமோ சுத்தி றேடியோ கேட்டதையும் சொல்லி, சைக்கிளைக் கவிட்டு வைச்சுக் கையால மிதிகட்டையைச் சுத்திக் காட்டினார். லைற் பத்திச்சு. "லைற்றுக்கு எங்கால சக்தி?" "தாத்தான்ர கை." "கைக்கு?" "சோறு." "சோத்துக்கு?" வயல், தண்ணி எண்டு போய் வெயிலில வந்து நிண்டுது. மனிசன் களைச்சு நிப்பாட்ட லைற்றும் நூர, பின்வாங்கில இருந்து ஒருத்தன் "தாத்தா சாப்பிட்டா ஊறிடும்" எண்டான். நான் அந்தச் சொல்லைச் சொல்லி அரை மணித்தியாலம் ஆகேல்ல.

———

> என்ர சொல் ஊறுசக்தி

தங்கச்சி, வகுப்பு நல்லாப் போயிருக்கு, சந்தோசம். ஆனா ஊறு எண்டா கெடுதி எண்டும் பொருள், "ஊறு விளைவிக்கும்" எண்டு எழுதுறமெல்லே. ஆபத்தான சக்தி எண்டு ஒருத்தர் வாசிச்சா? மற்றது, பிள்ளையள் றகரத்தை விட்டிட்டு "ஊருசக்தி" எண்டு எழுதுங்கள், நான் முப்பது வருசம் கொப்பி திருத்தினவன், கட்டாயம் எழுதுங்கள். ஊற்றுச்சக்தி எண்டு வைச்சா ரெண்டு வில்லங்கமும் போகும்.

———

ஐயா, ஊறுகாயைச் சாப்பிடேக்க ஆரும் கெடுதியை நினைக்கிறேல்ல. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு ஊறு எண்டா கிணறும் வாயும்தான். ஊற்றுச்சக்தி எண்டா "ஊத்து" எண்டுதான் வாசிக்குங்கள், வாளியால ஊத்துறதெண்டு போயிடும், அது ஆரோ ஒராள் செய்யிற வேலை, திரும்பவும் லைசன்ஸ் கதைதான். ஊருசக்தி எண்டு பிழையா எழுதினா எழுதட்டும், பாடமே ஊரைப் பற்றினதுதானே, ஒரு புள்ளி குறைச்சு விடுவம்.

புத்தகச் சொல்லை விடச் சொல்லி நான் சொல்லேல்ல, சோதினையில அதுதான் வரும். பிள்ளையளுக்குச் செய்யிற பாட அட்டையில ஊறுசக்தியைப் பெரிசாயும் புத்தகச் சொல்லைக் கீழ சின்னனாயும் போடுறன். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோறதுக்கு மற்ற அட்டையில தீர்சக்தி எண்டு எழுதி மண்ணெண்ணெய், டீசல், நிலக்கரி மூண்டின்ர படமும் கீறியாச்சு. விறகை ரெண்டு அட்டையிலயும் போடாமல் நடுவில தனியா வைச்சிருக்கிறன், அதை எங்க வைக்கிறதெண்டு பிள்ளையள் சண்டை பிடிக்கட்டும். தீர்சக்தியை விட நல்ல சொல் ஆரிட்டையும் இருந்தா வெள்ளிக்கு முன்னம் எழுதுங்கோ, போட்டோக்கொப்பிக்குக் குடுக்கோணும்.