குசுகுசு என்று எழுதலாமா?

குடமுருட்டிக் கரையார்:

திருவையாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலரைத் தொகுக்கும் பொறுப்பு இவ்வாண்டு என் தலையில் விழுந்தது. வந்த கட்டுரைகளில் ஒன்று, ஓர் அம்மையார் சிறுவயதில் தம் பாட்டியுடன் மார்கழி விடியலில் கோயிலுக்குப் போனதைப் பற்றியது. அதில், “சுவாமி இன்னும் எழுந்திருக்கவில்லை என்று பாட்டி என் காதில் குசுகுசுத்தாள்” என்றொரு வரி இருந்தது. அதை “மெல்லிய குரலில் கூறினாள்” என்று திருத்தினேன். அம்மையார் கோபித்துக்கொண்டு, கட்டுரையே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்கிறார்.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். குசுகுசு என்பது பேச்சு வழக்குக்கு உரியது. அதன் முதற்பாதி தனியே நின்றால் என்ன பொருள் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை. கோயில் மலரில் அது வேண்டாம் என்று நினைத்தேன். கிசுகிசு என்று மாற்றலாம் என்றால், அது பத்திரிகைகளின் சினிமாப் பக்கத்தில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. நன்னூல் உரியியலில் ஓசைப் பொருள் தரும் சொற்களை அடுக்கும் நூற்பாவைப் பாருங்கள். முழக்கு, கலி, பிளிறு, அதிர், சிலை, கம்பலை, ஆர்ப்பு என்று இருபதுக்கும் மேற்பட்ட சொற்கள் வருகின்றன. காதோடு காதாகப் பேசுவதற்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை. செவ்விய உரைநடையில் இதற்குத் தனிச்சொல் கிடையாது, விளக்கித்தான் எழுத வேண்டும் என்பது என் முடிவு.

வெண்ணாறு:

ஐயா, தமிழாசிரியராக இருந்தவர் இரட்டைக்கிளவியை இரண்டாக வெட்டிப் பொருள் பார்க்கலாமா? “இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா” என்பது தொல்காப்பியம். பிரித்தால் பொருள் தராது என்பதே அதன் இலக்கணமாக இருக்கும்போது, பிரித்து வரும் பொருளுக்கு நாணி முழுச்சொல்லையும் ஒதுக்குவது முறையன்று.

அதைவிடப் பெரிய பிழை உங்கள் திருத்தத்தில் இருக்கிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு “முணுமுணு” என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். விரலடியில் அதிர்வு தெரியும். அடுத்து, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதாக எண்ணிக்கொண்டு, வெறும் மூச்சால் “குசுகுசு” என்று சொல்லுங்கள், அதிர்வு இராது. குசுகுசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, காற்று மட்டுமே உரசிக்கொண்டு வருகிறது. ஆகவே அங்கே மெல்லிய குரலும் இல்லை, தடித்த குரலும் இல்லை, குரலே இல்லை. பாட்டியிடம் இல்லாத ஒன்றை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

மக்கள் இந்த வேறுபாட்டை எவ்வளவு நுட்பமாகச் சொல்லில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முணுமுணுவில் இருப்பவை மகரமும் ணகரமும். இரண்டும் மூக்கின் வழியே குரலோடு வருபவை, வாயை முக்கால் பங்கு மூடிக்கொண்டு மருமகள் மீது குறைப்பட்டுக்கொள்ளும் மாமியாருக்கு ஏற்றவை. குசுகுசுவிலும் கிசுகிசுவிலும் நடுவே நிற்பது சகரம். நாலு பேர் தள்ளி அமர்ந்து இரகசியம் பேசினால் சொற்கள் நமக்குப் புரியாது. அந்தச் சகரம் மட்டும் ஸ் ஸ் என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். கேட்டதை அப்படியே பெயராக வைத்திருக்கிறார்கள்.

குடமுருட்டிக் கரையார்:

தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரிதான். குரல் என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். ஆனால் சொல் எல்லாமே இப்படிக் கருவியால் அளந்து செய்யப்பட்டது என்ற முடிவுக்கு என்னால் வர இயலாது. சலசல என்பது வாய்க்கால் நீருக்கும் ஆகிறது, அரசிலைக்கும் ஆகிறது, பந்தியில் இடம் கிடைக்காதவர்களின் பேச்சுக்கும் ஆகிறது. ஒரே சொல் மூன்றுக்கும் பொருந்தினால், அது எதை அளந்தது?

அரசலாற்று நெசவாளி:

இருவரும் இலக்கணத்திலேயே நிற்கிறீர்கள். நான் திருபுவனத்தில் தறி ஓசைக்கு நடுவே வளர்ந்தவள். புதுப் பட்டைப் பிரிக்கும்போது வருவது சரசர. கஞ்சி போட்ட பருத்தியை உதறினால் மொடமொட. பலமுறை துவைத்து இற்றுப்போன பட்டுக்கு ஓசையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எங்கள் அம்மா எது எந்தத் துணி என்று சொல்லிவிடுவார். அளவு இருக்கிறது ஐயா. சொல் ஒன்றே ஆனாலும், எந்தப் பொருளோடு சேர்ந்து வருகிறது என்பதில் அந்த அளவு இருக்கிறது.

மெல்லொலிக்குப் பழைய நூல்களில் இடமில்லை என்பதும் தவறு. களவு ஒழுக்கத்தை, அதாவது மணத்துக்கு முன் மறைவாக நடக்கும் காதலைப் பற்றிச் சிலர் தமக்குள் அரைகுறையாகப் பேசிக்கொள்வது அம்பல், ஊரறியப் பேசுவது அலர். ஒன்று அரும்பு, மற்றொன்று மலர். தெருப் பெண்கள் கடைக்கண்ணால் பார்த்து, மூக்கு நுனியில் சுட்டுவிரலை வைத்து அம்பல் தூற்றுவதாக நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. அந்த விரலை எங்கள் தெருவில் இன்றும் பார்க்கலாம்.

வெண்ணாறு:

அம்மா, அம்பலை இங்கே சேர்க்க முடியாது. அது பேசப்படும் செய்தியின் பெயர், பேசும் விதத்தின் பெயரன்று. பாட்டி பேத்தியிடம் சொன்னது அம்பல் ஆகுமா? எனினும் உங்கள் பேச்சிலிருந்து ஒன்று விளங்குகிறது. பேசும் விதத்தின் பெயராக இருந்த கிசுகிசு, இன்று வம்புச் செய்தியின் பெயராகி, ஏறத்தாழ அம்பலின் இடத்துக்கே போய்விட்டது. அதனால் அன்பாகக் காதில் சொல்வதற்கு எஞ்சியிருப்பது குசுகுசு ஒன்றுதான். அதையும் நாகரிகம் கருதித் துரத்தினால் என்ன மிஞ்சும்?

நன்னூல் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். அது “இன்னன ஓசை” என்று முடிகிறது. இவை போன்றவை என்றுதான் பொருள், இவை மட்டும் என்றன்று. குறுந்தொகையில் “நள்ளென்றன்றே யாமம்” என்று ஒரு பாட்டு தொடங்குகிறது. ஊர் அடங்கிய நள்ளிரவுக்கே ஓர் ஒலி கொடுத்திருக்கிறார்கள். அதே நூலில் வேறொருத்தி, வீட்டருகே நொச்சிப் பூ உதிரும் ஓசையைக் கேட்டபடி உறங்காமல் கிடக்கிறாள்.

பாமணியாறு:

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் குடமுருட்டிக் கரையார் பக்கம். எல்லா மெல்லொலிக்கும் இரட்டைக்கிளவி தேட வேண்டியதில்லை. மேட்டூரை ஜூன் 12 இல் திறந்து, முறை வைத்து, ஒருவழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் வரும். வெடித்துக் கிடக்கும் வயலில் அது இறங்கும்போது, ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் காற்று குமிழியிட்டு வெளியேறும் ஓசையை வரப்பில் குந்தியிருந்தால் கேட்கலாம். அதற்கு எங்களிடம் தனிச்சொல் இல்லை. “வயல் தண்ணி குடிக்குது” என்போம், கேட்பவனுக்கு விளங்கிவிடும். விளக்கி எழுதுவது ஒன்றும் ஏழைத் தமிழ் அன்று.

கோயில் மலருக்கு ஒரு சொல் தருகிறேன்: சன்னம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைச் சன்ன ரகம் என்கிறோம், குரலையும் சன்னம் என்கிறோம். “சன்னமாகச் சொன்னாள்” என்று போடுங்கள்.

வெண்ணாறு:

சன்னம் நல்ல சொல். இந்த இடத்துக்கு உரியதன்று. சன்னக் குரலில் ஒரு சிறுமி பாடினால் மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும். சன்னம் மென்மையையும் மெலிவையும் சொல்கிறது, மறைவைச் சொல்லவில்லை. உங்கள் வயல் மட்டும் எனக்கு மறுப்பில்லாதது.

குடமுருட்டிக் கரையார்:

இன்று காலை அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பாட்டி முணுமுணுத்தாரா, குசுகுசுத்தாரா, சன்னமாகச் சொன்னாரா என்று இங்கே பேசியவற்றையெல்லாம் முன்வைத்துக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். பாட்டிக்கு அப்போது முன்பல் ஒன்றுகூட இல்லையாம். சுவாமி என்பதே உவாமி என்றுதான் வருமாம். வெற்றிலை வாசனையோடு சூடான காற்று காதுக்குள் போனதுதான் நினைவிருக்கிறதாம். வெண்ணாறு அவர்கள் கொண்டாடிய சகரம் அந்தப் பாட்டியிடம் இருந்ததே இல்லை.

“அப்படியானால் என்ன போடட்டும்?” என்றேன். “நான் எழுதியதையே போடுங்கள் ஐயா” என்றார். போட்டுவிட்டேன். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குடமுழுக்குக் குழுத் தலைவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றால், இந்த விவாதத்தை அப்படியே அவரிடம் நீட்டுவதாக இருக்கிறேன்.