யூரியா ரெண்டு தரம் போட்டும் கரும்பு வெளிறிப்போய் நிக்குது, மூணாவதும் போடவா?

வெள்ளவத்தை மருமகன்:
வணக்கம். நான் கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறவன், பயிர்பச்சை பற்றி ஒண்டும் தெரியாது. மாமாவுக்கு ஹிங்குராணைப் பக்கம் 3 ஏக்கர் கரும்பு. அவருக்கு ஒப்பரேஷன் நடந்து எங்கட வீட்டில் இருக்கிறார். அதனால ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இரவு பஸ்ஸில நான் போய் வாறன். இது மறுதாம்பு (வெட்டின கட்டையில திரும்பத் துளிர்த்த கரும்பு), வெட்டி 95 நாள். 30 ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு மூடை யூரியா, 80 ஆம் நாள் இன்னொரு மூடை. ஆனாலும் பயிர் வெளிர் மஞ்சளாத்தான் நிக்குது. 2021 இல பசளை இறக்குமதியை நிப்பாட்டின காலத்துக்குப் பிறகு ஒவ்வொரு மூடையையும் தங்கம் மாதிரிப் பார்க்கிற வீடு எங்கட வீடு. இன்னொரு மூடை போடவா?

அம்பாறை இளவல்:
மூடை வேண்டாம் அண்ணே. 2 சதவீத யூரியாக் கரைசல் அடிங்க, ரெண்டு நாளில பச்சை வரும்.

கந்தளாய்க் கிழவன்:
தம்பி, கொஞ்சம் பொறுங்க. நான் கந்தளாயில கரும்புக்குள்ளேயே கிடந்தவன், இப்ப தெகிவளையில மகள் வீட்டில. மூணு கேள்வி. மஞ்சள் அடி இலையிலயா, குருத்திலயா? யூரியாவை எங்க போட்டீங்க? போட்டு எத்தனை நாளில தண்ணி விட்டீங்க?

வெள்ளவத்தை மருமகன்:
அடி இலைதான் ஐயா. நுனியிலிருந்து காய்ஞ்சு வருது, தண்டும் மெலிவு. முந்தின வெட்டுச் சருகு நிலம் மூடிக் கிடக்கு, வேலைக்காரர் அதுக்கு மேலேயே வீசினவர். வாய்க்காலில முறைவைச்சு விடுற முறைத் தண்ணி 9 நாள் கழிச்சுத்தான் வந்தது. யூரியா வீசின நேரம் நானும் அங்க நின்டனான். விடியக்காலை சருகில விழுந்த குருணியெல்லாம் பனியில நனைஞ்சு கஞ்சி மாதிரி இருந்தது. மத்தியானம் பார்த்தா ஒண்டுமில்ல. கக்கூஸ் நாத்தம் மாதிரி ஒரு நெடி மட்டும். மண்ணுக்குள்ள இறங்கிட்டுது எண்டு சந்தோசப்பட்டன்.

கந்தளாய்க் கிழவன்:
இறங்கேல்ல தம்பி, பறந்திட்டுது. அந்த நெடிதான் உங்கட காசு.

யூரியா ஈரம் பட்டாக் கரையும். பிறகு நொதியம் அதை உடைச்சு அமோனியாவாக்கும். அந்த நொதியம் மண்ணைவிடச் சருகில கூட. உடையேக்க குருணியைச் சுத்திக் காரம் ஏறும், அமோனியா ஆவியாக் கிளம்பும். நல்ல மழை எண்டால் கரைச்ச கையோட மண்ணுக்குள்ள இறக்கியிருக்கும். பனிக்குக் கரைக்க மட்டும்தான் பலம், இறக்கப் பலமில்ல. மேல கச்சான் எண்ட வறண்ட காத்து வேற. இப்படியான நேரத்தில போட்டதில மூணில ஒரு பங்குக்கு மேலயும் போகலாம்.

இன்னொண்டு. வறண்ட மண்ணில நைதரசன், அதான் யூரியாவில இருக்கிற சத்து, இருந்தாலும் பயிருக்கு எட்டாது. தண்ணியோடதான் அது வேருக்குப் போகும். குருத்தில நரம்பு பச்சையா, இடையில மஞ்சள் கோடா இருந்தா இரும்புக் குறையையும் பார்க்கச் சொல்லியிருப்பன். உங்கட கதை அது இல்ல.

தம்பி இளவல் கோவிக்கப்படாது. 16 லீற்றர் தாங்கியில 2 சதவீதம் எண்டா 320 கிராம். பத்துத் தாங்கி அடிச்சாலும் 3.2 கிலோ யூரியா, அதில நைதரசன் ஒண்டரைக் கிலோவும் வராது. 50 கிலோ மூடை ஒண்டில நைதரசன் 23 கிலோ இருக்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. மத்தியான வெயிலில அடிச்சா இலை கருகியும் போகும்.

அம்பாறை இளவல்:
கணக்கு இப்படி வருமெண்டு நினைக்கேல்ல ஐயா 🙏

வெள்ளவத்தை மருமகன்:
அப்ப இப்ப என்ன செய்ய? அடுத்த முறைத் தண்ணி 8 நாளில.

கந்தளாய்க் கிழவன்:
அதுவரைக்கும் மூடையைத் திறக்காதீங்க. தண்ணிக்கு முதல் நாள் சருகை ஒரு சால் விட்டு ஒரு சாலுக்குத் தள்ளுங்க. கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால மூணு அங்குலம் கீறி, ஏக்கருக்கு அரை மூடை போட்டு மண்ணால மூடுங்க. அடுத்த நாள் தண்ணி. குளம் கட்ட விடாதீங்க, தேங்கினா நைதரசன் வேற வழியால ஆவியாப் போகும், இல்லாட்டி வேருக்குக் கீழ கழுவுப்படும். ரெண்டு சாலுக்கு மட்டும் யூரியா போடாம விட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அடையாளமாத் தடி நட்டு வையுங்க.

இதோட நிப்பாட்டுங்க. நாலு மாசம் தாண்டிப் போட்டா இலையும் தண்ணியும்தான் கூடும். சீனி ஏறப் பிந்தும், கரும்பு சாயும். உங்கட மண்ணுக்குச் சரியான அளவு வேணுமெண்டா உடவளவையில கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, மண் மாதிரியோட போய்க் கேளுங்க.

வெள்ளவத்தை மருமகன் (26 நாள் கழிச்சு):
ஐயா சொன்ன மாதிரியே செய்தம், கையில தோல் உரிஞ்சுபோச்சு. இப்ப புது இலை நல்ல பச்சை. ஆனா ஒரு புதினம்: தடி நட்ட அந்த ரெண்டு சாலும் பச்சைதான்! மற்றதைவிடக் கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான். மாமா இங்க கட்டிலில இருந்தபடி, அடுத்த வெட்டுக்கு எத்தனை மூடை வாங்கிறது எண்டு கேட்கிறார்.

கந்தளாய்க் கிழவன்:
அப்ப பாதி வருத்தம் தண்ணித் தாகம்தான் தம்பி. மூடைக் கணக்கு பிறகு. முதல்ல முறைத் தண்ணி வாற நாளைக் கேட்டுக் கலண்டரில குறிக்கச் சொல்லுங்க.