வானில் கண்டதை ஜெய்பானுக்கு எழுதியபோது

பாரிசின் வடக்குப் புறநகரில் வசிக்கிறோம். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றின் இரவில், பால்கனியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போன என் மனைவி கூப்பிட, ஓடிச் சென்று பார்த்தேன். தெற்கு வானில் ஆறேழு ஆரஞ்சு நிற ஒளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சிறிதும் ஓசையின்றிக் கிழக்கு நோக்கிச் சென்றன. முன்னே போனவை ஒவ்வொன்றாக அணைந்தன. விமானங்கள் எங்களுக்கு அன்றாடக் காட்சி. இவற்றிலோ விமான விளக்குக்குரிய சிமிட்டல் இல்லை.

பிரான்சில் இத்தகைய காட்சிகளை விசாரிப்பதற்கென்றே ஓர் அரசு அமைப்பு உண்டு. துலூஸ் நகரில், தேசிய விண்வெளி ஆய்வு மையத்தின் கீழ் 1977இல் தொடங்கப்பட்ட அது, இரு முறை பெயர் மாறி, 2005 முதல் ஜெய்பான் என்று அழைக்கப்படுகிறது. அதன் படிவத்தை நாங்கள் இருவரும் தனித்தனியே நிரப்பினோம். கையை முழுதும் நீட்டி ஓர் அளவுகோலைப் பிடித்தால் அந்த ஒளி எத்தனை மில்லிமீட்டர் இருந்திருக்கும், எந்தத் திசையில் தோன்றி எந்தத் திசையில் மறைந்தது, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். படமும் வரைய வேண்டும். நான் ஒளிகளை நேர்வரிசையாக வரைந்திருந்தேன். மனைவி சற்றே மேலேறும் சாய்கோடாக வரைந்திருந்தாள். இந்த வேறுபாட்டைக் குறையாகக் கருதாமல், அதைப் பற்றியே விசாரணையாளர் எங்களிடம் தனித்தனியே பொறுமையாகக் கேட்டார்.

சில மாதங்களில் பதில் வந்தது. அந்நேரத்தில் வீசிய காற்றின் திசை ஒளிகள் நகர்ந்த திசையோடு பொருந்துவதால், யாரோ விழாவில் பறக்கவிட்ட காகித வான்விளக்குகளாகவே அவை பெரும்பாலும் இருக்கும் என்று கூறி, ‘பி’ பிரிவில் சேர்த்திருந்தார்கள். ஐயமின்றி அடையாளம் தெரிந்தவை ‘ஏ’, போதிய தகவல் இல்லாதவை ‘சி’, முறையாக விசாரித்தும் விளங்காதவை ‘டி’.

பொய் சொல்லாதவரின் கண்ணும் எவ்வளவு சேர்த்துக் காண்கிறது என்பதற்கு 1990 நவம்பர் 5ஆம் தேதி மாலை சான்று. சோவியத் புரோட்டான் ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் வளிமண்டலத்தில் எரிந்தபடி பிரான்சைக் கடந்தபோது, சிதறிய துண்டுகளின் ஒளிகளுக்கிடையே கரிய முக்கோணக் கலத்தின் உடலையே கண்டதாகப் பலர் எழுதினார்கள்.

ஆனால் இதே அமைப்பின் கோப்புகளில் தென்கிழக்கு பிரான்சின் டிரான்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்ற ஊரில் நடந்த நிகழ்வும் இருக்கிறது. 1981 ஜனவரி 8ஆம் தேதி, தம் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், சீழ்க்கை போன்ற ஒலியுடன் உலோக நிறப் பொருளொன்று இறங்கி, சில நொடிகளில் எழும்பிச் சென்றதைக் கண்டார். மறுநாளே ஜாந்தார்ம் காவலர்கள் வந்து, தரையில் பதிந்திருந்த வட்டத் தடத்திலிருந்து மண்ணையும் செடிகளையும் எடுத்தார்கள். அங்கிருந்த குதிரை மசால் என்னும் தீவனச் செடியின் இலைகளில் பச்சையம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்ததை வேளாண் ஆய்வகம் கண்டறிந்தது. அந்தக் கோப்பு ‘டி’ பிரிவில் இருக்கிறது. அதை விளங்காதது என்று எழுதத் தயங்காதவர்கள் என்பதாலேயே, என் ஒளிகளை வான்விளக்கு என்று அவர்கள் சொன்னபோது மனதார ஏற்றுக்கொண்டேன்.

பிரான்சில் இருப்பவர்கள் எதையாவது கண்டால், உடனிருந்தவரிடம் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நேரத்தையும் திசையையும் குறித்துவைத்து, படத்தையும் வரைந்துவிடுங்கள். பெயரை நீக்கிவிட்டே கோப்பை வெளியிடுகிறார்கள் என்பதால் தயங்க வேண்டியதில்லை.