போன வாரம் 17 மி.மீ., இந்த வாரம் 52 மி.மீ.: அதே தோட்டா, அதே துப்பாக்கி, எங்கே தவறுகிறேன்?

காலைப்பனி எழுதுகிறார்:

வணக்கம். போல்ட் வகை (தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா, மெல்லிய குழல், பாலிமர் கட்டை (குழலைத் தாங்கும் பிளாஸ்டிக் உடல்), 165 கிரெயின் (சிறு எடை அலகு) மென்முனைக் குண்டு. சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது; என் உரிமத்தில் அதற்கு இடம் உண்டு.

கையேட்டில் இருந்த தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் வீதம் வெடிமருந்தை ஏற்றி ஐந்து படிகள் நிரப்பினேன். படிக்கு மூன்று தோட்டா. 100 மீட்டரில் சுட்டதில் நான்காவது படி 17 மி.மீ. குவியல் (மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம்) தந்தது. மற்றவை 24, 31, 28, 36. ‘கிடைத்துவிட்டது’ என்று அன்றிரவே நான்காவது படியில் நாற்பது தோட்டா நிரப்பிவிட்டேன்.

இந்த வாரம் அதே மேசை, காற்றே இல்லாத காலை, அதே தோட்டாவில் ஐந்து சுட்டேன். அகலம் 14, உயரம் 50. கோடியிலிருந்து கோடிக்கு 52 மி.மீ. மறுபடி ஐந்து: 47. தாளைப் பார்த்தால் யாரோ ஏணி வரைந்ததுபோல் இருக்கிறது. வேகமானியில் பார்த்தபோது ஐந்து தோட்டாக்களுக்கிடையே நொடிக்கு 18 மீட்டர் வித்தியாசம், சராசரி 820. உயரம் விரிவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மருந்து வகையை மாற்றலாமா? பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாற்றலாமா? தராசை மாற்றுவதா? பணம் கரைவதைவிட குண்டுகள் கரைவது வருத்தமாக இருக்கிறது.

பித்தளைப்பித்தன்:

கூடுகளை (தோட்டாவின் பித்தளை உறைகளை) எடை பார்த்துப் பிரித்தீர்களா? நான் 100 கூடு வாங்கினால் 80தான் தேறும். கூட்டுக் கழுத்தின் தடிப்பையும் அளக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் மருந்தைக் குறை சொல்வது சரியில்லை.

புதுக்குறி:

எனக்கும் இப்படித்தான் இருந்தது. கையேட்டில் உள்ள உச்ச அளவுக்கு மேல் அரை கிரெயின் போட்டதும் குவியல் இறுகிவிட்டது. என் துப்பாக்கி பலமான வகை. செய்து பாருங்கள்.

இரும்புத்தச்சன்:

புதுக்குறி தம்பி, இதைச் செய்யாதீர்கள், மற்றவருக்கும் சொல்லாதீர்கள். கையேட்டின் உச்ச அளவு என்பது பேரம் பேசுகிற விலை இல்லை. உங்கள் கூடு, உங்கள் பிரைமர், குண்டு அமரும் ஆழம் என ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றும். சில துப்பாக்கிகளில் உச்சத்துக்கு முன்பே போல்ட் தூக்க முரண்டு பிடிக்கும், கூட்டின் அடியில் பளபளப்பான வட்டத் தழும்பு விழும். அங்கேயே நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். எந்த அடையாளமும் தெரியவில்லை என்பதால் அழுத்தம் குறைவு என்று பொருளும் இல்லை. மருந்து, குண்டு, பிரைமர் எதை மாற்றினாலும் தொடக்க அளவுக்குத் திரும்பிப் போக வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை என்பது என் எண்ணம்.

காலைப்பனி, உங்களிடம் ஒரு கேள்வி. தொழிற்சாலைத் தோட்டா சுட்டுப் பார்த்தீர்களா? அதன் குவியல் எப்படி இருந்தது?

காலைப்பனி:

சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். போன மாதம் ஒரு பெட்டி வாங்கிச் சிலவற்றைச் சுட்டேன். 45 மி.மீ. அளவில் வந்தது. ‘கடைத் தோட்டா அப்படித்தான்’ என்று விட்டுவிட்டேன். தாள் இன்னும் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதுவும் நெட்டுக்குத்தாகத்தான் இருக்கிறது!

எண்கணக்கு:

அந்தப் பழைய தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் நிரப்பலில் மட்டும் குறை இருந்தால் கடைத் தோட்டா ஏன் ஏணி வரைய வேண்டும்?

முதலில் அந்த 18 மீட்டர் வித்தியாசத்தைப் பார்ப்போம். 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 100 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.127 நொடி எடுக்கும். அந்த நேரத்தில் ஈர்ப்பு அதை இழுப்பது 79 மி.மீ. அளவு. வேகம் 1 சதவீதம் குறைந்தால் விழும் தூரம் 2 சதவீதம் கூடும், அதாவது 1.6 மி.மீ. உங்கள் 18 மீட்டர் என்பது 2.2 சதவீதம். மிகவும் மெதுவான தோட்டாவுக்கும் மிகவும் வேகமான தோட்டாவுக்கும் இடையே உயரத்தில் வரக்கூடியது மூன்றரை மி.மீ. மட்டுமே. தாளில் இருப்பது 50. மீதி 46 மி.மீ. எங்கிருந்து வந்தது? மருந்திலிருந்து இல்லை. 400 மீட்டரில் சுடுகிறவருக்கு வேக வித்தியாசம் தலைவலிதான். 100 மீட்டரில் அது கொசுக்கடி.

அடுத்து அந்த 17 மி.மீ. வருத்தப்படாதீர்கள், அது சீட்டுக் குலுக்கலில் விழுந்த பரிசு. மூன்று சூட்டுக் குவியல் இயல்பாகவே பெரிதாக ஆடும். சராசரி 25 மி.மீ. தரும் துப்பாக்கி எதையுமே மாற்றாமல் ஒருமுறை 16 தரும், மறுமுறை 34 தரும். இரண்டும் அன்றாட நிகழ்ச்சி. இப்படி ஐந்து குவியல் சுட்டு, அதில் சிறியதைப் பொறுக்கி ‘இதுதான் அளவு’ என்று சொல்கிறோம். ஐந்து பேர் நாணயம் சுண்டி, அதிகத் தலை விழுந்தவரைத் திறமைசாலி என்று கொண்டாடுவது போன்றது இது. அந்த ஐந்து படிகளும் உண்மையில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்று சொல்ல உங்கள் தாளில் ஆதாரம் இல்லை.

சூடுகள் கூடக்கூடக் குவியலும் பெருகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மூன்றுக்குச் சராசரி 25 என்றால் அதே துப்பாக்கி ஐந்துக்கு 32, பத்துக்கு 40 அளவில் தரும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை; எண்ணிக்கை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் 52, 47 இரண்டும் அந்தக் கணக்குக்கும் மேலே இருக்கின்றன, அதுவும் ஒரே திசையில். அதற்கு இயந்திரக் காரணம் ஏதோ உண்டு. அது இரும்புத்தச்சன் ஐயாவின் துறை.

பித்தளைப்பித்தன்:

அப்படியானால் கூடு பிரிப்பதும் வீண் என்கிறீர்களா?

எண்கணக்கு:

100 மீட்டரில், வேட்டைத் துப்பாக்கியில், ஒரே தொகுதிக் கூட்டில்? நான் செய்வதில்லை. ஒரே நீளத்துக்கு வெட்டுவது, கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழுள்ள சரிவை) சரியான அளவு மட்டும் பின்தள்ளுவது, பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, இவற்றை விடமாட்டேன்.

இரும்புத்தச்சன்:

காலைப்பனி, ஐந்து சூட்டில் எது முதலில் விழுந்தது என்று குறித்து வைத்தீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை ஒவ்வொரு சூட்டுக்கும் எண் போடுங்கள். முதல் இரண்டு கீழே ஒட்டியிருந்து, மூன்றாவதிலிருந்து மேலே ஏறினால் குழல் சூடாகி எங்கோ முட்டுகிறது என்று சந்தேகப்படலாம். ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் தாவினால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அடித்தளத் திருகு, கட்டைத் திருகு, துப்பாக்கியைத் தாங்கும் மூட்டையை வைக்கும் முறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டியவை: ஸ்கோப்பின் மேல்வளையங்களைக் கழற்றுங்கள். அடித்தளத் திருகு ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் திருகுசாவியால்) தொட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு வரை போகாமல் ஒன்று சுழன்றாலும் குற்றவாளி பாதி அகப்பட்டான். பிறகு கட்டைத் திருகு. பிறகு ஒரு துண்டுத் தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே செருகி நுனியிலிருந்து தோட்டா அறை வரை இழுங்கள்.

சுடும்போது முன்மூட்டை எங்கே இருக்கிறது? வாரைக் கோக்கும் கொண்டி மூட்டையில் இடிக்கிறதா?

காலைப்பனி:

ஸ்கோப் திருகுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன. கட்டைத் திருகும் சரி. தாள் வழுக்கிக்கொண்டு போகிறது, எங்கும் தட்டவில்லை. மூட்டையை முன்கட்டையின் நுனியில் வைக்கிறேன், துப்பாக்கி அசையாமல் இருக்கும் என்று. கொண்டி மூட்டைக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அதில் போய் இடிக்குமோ?

இரும்புத்தச்சன்:

இடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தாளை எப்படி இழுத்தீர்கள்? துப்பாக்கி மேசையில் சும்மா படுத்திருந்தபோதுதானே? பாலிமர் கட்டையின் நுனி பிளாஸ்டிக் அளவுகோல் மாதிரி வளையும். மூட்டையில் சுடும் நிலையில் வையுங்கள். கன்னத்தைப் பதியுங்கள், தோளை அழுத்துங்கள். அந்த நிலையில் வேறொருவர் பக்கவாட்டில் நின்று தாளை இழுக்கட்டும். போல்ட் வெளியே இருக்க வேண்டும், மறவாதீர்கள்.

காலைப்பனி:

செய்து பார்த்தேன். என் தம்பி இழுத்தான். அறைப் பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த தாள் நுனிக்கு நான்கு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது. நான் தலையைத் தூக்கினேன், தாள் விடுபட்டது. மீண்டும் கன்னத்தை வைத்தேன், பிடித்துக்கொண்டது. பத்து முறை செய்திருப்போம். தம்பி சிரிக்க ஆரம்பித்துவிட்டான். எட்டு மாதமாகத் தராசையும் டையையும் (கூட்டை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சை) சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இரும்புத்தச்சன்:

முன்கட்டை குழலைக் கீழிருந்து தள்ளுகிறது. எவ்வளவு தள்ளுகிறது என்பது உங்கள் கன்னத்தின் எடையையும் குழலின் சூட்டையும் பொறுத்தது. ஒவ்வொரு சூட்டிலும் அது மாறும், அதனால்தான் ஏணி.

மூட்டையை இன்றே பின்னுக்கு, தோட்டா மகசீனுக்குச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். அங்கே கட்டை தடிமனாக இருக்கும், வளையாது. கொண்டியையும் கழற்றிவிடலாம். பிறகு நுனிப் பகுதியின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். குழலைவிடச் சற்றுப் பெரிய மர உருளையில் 80ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் போதும். இரண்டு மி.மீ. இடைவெளி கிடைக்கும் வரை பொறுமையாகத் தேய்க்க வேண்டும். உட்பக்கம் குறுக்குச் சட்டங்கள் இருந்தால் அவற்றைத் தின்றுவிடாதீர்கள், கட்டை இன்னும் தொளதொளக்கும்.

இன்னொன்றும் உண்டு. மெல்லிய குழலை மூன்று சூட்டுக்கு மேல் தொடர்ந்து சுடாதீர்கள். கையை வைத்தால் வைத்தபடி இருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் காத்திருங்கள்.

எண்கணக்கு:

ஆறவிட்டு ஆறவிட்டுப் பத்து சூடு, ஒரே தாளில். மருந்தளவுக்கு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு அமரும் ஆழத்தை இப்போது தொட வேண்டாம். பின்னால் தொடும்போது முனையிலிருந்து அளக்காதீர்கள். மென்முனைக் குண்டின் ஈயம் பெட்டியிலேயே நசுங்கி நீளம் மாறியிருக்கும். குண்டின் பக்க வளைவிலிருந்து அளக்கும் துணைக்கருவி மலிவுதான்.

காலைப்பனி (மூன்று வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். தேய்ப்பதற்கு இரண்டு மாலை போயின. முகமெல்லாம் கறுப்புத் தூள். இப்போது கன்னத்தை எவ்வளவு அழுத்தினாலும் தாள் நிற்கவில்லை.

பத்து சூட்டுக் குவியல்கள்: இரண்டாவது படி 41, மூன்றாவது 38, நான்காவது 43. மூன்றிலும் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. எண்கணக்கு முன்பே சொல்லியிருக்காவிட்டால் 38தான் வெற்றி என்று குதித்திருப்பேன். ஒரு நுட்பம் கவனித்தேன்: கடைத் தோட்டாவில் மிஞ்சியிருந்த ஐந்தையும் சுட்டேன், 33 வந்தது. போன மாதம் அதைப் பழித்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எண்கணக்கு:

மூன்றும் ஒன்றுதான். நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், தராசு 0.1 கிரெயின் இப்படியோ அப்படியோ தடுமாறினாலும் எதுவும் கெடாது.

இரும்புத்தச்சன்:

வேட்டையில் முதல் சூடுதான் சூடு, அதுவும் குளிர்ந்த குழலில். இனி சுடுதளம் போகும்போதெல்லாம் முதல் தோட்டாவை மட்டும் ஒரு தனித் தாளில் சுட்டுவிட்டு அந்தத் தாளைச் சுருட்டி வையுங்கள். பத்து நாள், பத்து துளை, ஒரே தாள். அந்தப் பத்தின் நடுப்புள்ளிக்கு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள்.

காலைப்பனி:

நேற்று முதல் துளை போட்டாயிற்று. நன்றி ஐயா, நன்றி எண்கணக்கு.

பித்தளைப்பித்தன்:

எடை பார்த்துத் தள்ளிய கூடுகள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன. நல்ல கூடுகளோடு கலந்துவிடலாமா?

எண்கணக்கு:

ஒரே தொகுதியா?

பித்தளைப்பித்தன்:

ஒரே தொகுதிதான்.

எண்கணக்கு:

கலந்துவிடுங்கள்.