கல்லீரலுக்குப் 'போதும்' என்று சொல்வது யார்?

வைகைக்கரை:
தை மாசம் எங்க அக்கா, அப்பாவுக்காகக் கல்லீரலின் வலது பாதியைக் கொடுத்தாள். மூன்று மாசம் கழித்து எடுத்த ஸ்கேனில், மிச்சம் இருந்த இடது பக்கம் உருண்டு திரண்டு, பழைய அளவில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தது. இனி கொஞ்சம்தான் வளரும், அப்புறம் நின்றுவிடும் என்றார் டாக்டர். எப்படி நிற்கும்? யார் சொல்லி நிற்கும்? நிற்காவிட்டால் அதுதானே புற்றுநோய்?

ஈக்காரி:
அக்காவுக்கு முதலில் என் வணக்கம். ஆறு வருஷம் ஆய்வகத்தில் பழ ஈ வளர்த்தவள் நான். ஈயின் புழுவுக்குள், பின்னாளில் இறக்கையாகப் போகிற தகடு ஒன்று உண்டு. சில டஜன் செல்களில் தொடங்கி நாலைந்து நாளில் பல்லாயிரம் ஆகி, தானாக நின்றுவிடும். புழுவைச் சட்டையைப் புரட்டுவதுபோல உள்வெளியாகப் புரட்டி, உப்புக் கரைசலில் அதைப் பிரித்தெடுப்போம். 'வார்ட்ஸ்' மரபணு கெட்ட செல்கள் இருந்தால் தகடு மடிந்து மடிந்து பெருத்துக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது கை நடுங்கிவிட்டது எனக்கு.

அந்த வார்ட்ஸ்தான் பிரேக். 'ஹிப்போ' என்ற புரதம் அதை முடுக்கிவிடும். வார்ட்ஸ் போய் 'யார்க்கி' என்ற இன்னொரு புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டிய யார்க்கி உட்கருவுக்குள் நுழையாது. நுழைந்தால்தான் 'பிரி, சாகாதே' என்கிற மரபணுக்கள் வேலை செய்யும். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டால் பிரேக் இறுகும். இடம் இருந்தால் தளரும்.

நம் உடம்பில் யார்க்கியின் இடத்தில் இருப்பது 'யாப்'. 2007இல் எலியின் கல்லீரலில் யாப்பை மிகையாக உருவாக வைத்தார்கள். கல்லீரல் சுமார் நாலு மடங்கு ஊதியது. யாப்பை அணைத்ததும் பழைய அளவுக்கே திரும்பியது. அணைக்காமலே விட்ட எலிகளுக்குக் கட்டி வந்தது. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அக்காவின் பிரேக் பழுதாகவில்லை, தேவைக்காகத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவே.

மலைச்சாரல்:
உறுப்புக்கு உறுப்பு கணக்கு வேறு. 1960களில் டொனால்ட் மெட்கால்ஃப் என்ற ஆய்வாளர், ஒரே எலிக்குள் பல குட்டித் தைமஸ்களை (நெஞ்சுக்குள் இருக்கும் நோய் எதிர்ப்பு உறுப்பு) ஒட்டவைத்தார். ஒவ்வொன்றும் முழு அளவுக்கு வளர்ந்தது. அப்படியே ஒட்டவைத்த மண்ணீரல்களோ, எல்லாம் சேர்ந்து ஒரு மண்ணீரலின் எடையோடு நிறுத்திக்கொண்டன.

வைகைக்கரை:
அப்போ கல்லீரல் எந்தக் கட்சி?

ஈக்காரி:
மண்ணீரல் கட்சி. உடம்பின் தேவையைப் பார்த்துத்தான் வளரும். சின்ன நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்கு வைத்தால் பெரிய நாயின் அளவுக்கு வளர்கிறது. அப்பாவுக்குள் இருக்கும் பாதியும் இனி அக்காவின் உடம்புக்கு அல்ல, அப்பாவின் உடம்புக்குத்தான் அளவெடுக்கும்.